ஓரத்தில் வைத்த வீடு

ஒதுங்கச் சொன்னதை ஒடுங்கச் சொன்னதாகக் கேட்டுக்கொண்ட ஊர் ஒன்று உண்டென்றால் அது எங்களுடையதுதான். ஊர் என்று சொன்னால் பக்கத்து ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள், ஏனென்றால் ஏரிக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில், ஏரி கொஞ்சம் விட்டுக்கொடுத்து சாலை கொஞ்சம் விட்டுக்கொடுத்து மிச்சமான ஒரு மேட்டில், ஒன்றன் முதுகில் ஒன்று சாய்ந்து நின்ற சில ஓட்டு வீடுகளும் தகர வீடுகளும்தான் அது, காகிதத்தில் அதற்கு ஏரிப் புறம்போக்கு என்று பெயர், கோபம் வந்தால் எங்களுக்கும் அதே பெயர்.

ஐப்பசி மாதத்தில் ஒரு காலை, குழாய் ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ ஒன்று கரையோரம் ஊர்ந்துகொண்டே வந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தவர் நல்ல மனிதர், காலி செய்யுங்கள் என்று சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை, அதனால் கொஞ்சம் மிருதுவான சொல்லாகத் தேடி, ஏரிக்கரையில் குடியிருப்போர் அனைவரும் உடனடியாக ஒதுங்கவும், ஒதுங்கவும் என்று சொல்லிக்கொண்டே போனார். ஸ்பீக்கர் எங்கோ விரிசல் விட்டிருந்தது. எங்கள் காதில் ஒடுங்கவும் என்று விழுந்தது. அதில் எங்களுக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை, பஸ்ஸில் கண்டக்டர் சொல்லும் வார்த்தை அது, தர்மாஸ்பத்திரி பெஞ்சில் ஆயா சொல்லும் வார்த்தை, வேலைக்குப் போகிற வீட்டில் லிஃப்டுக்குள் நிற்கும்போது வார்த்தை இல்லாமலே பார்வையால் சொல்லப்படுவது, பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு உடம்பு தானாகவே தோளைக் குறுக்கிக்கொள்கிற வார்த்தை. சரிங்க என்று தலையாட்டினோம். நாங்கள் மட்டும் தலையாட்டியதாகத்தான் நினைத்தோம், விடிந்து பார்த்தால் வீடுகளும் தலையாட்டியிருந்தன.

எல்லா வீடும் ஒரு சுற்று சிறுத்திருந்தது. சுவர், கதவு, ஓடு, சாமி படம், கொடியில் காய்ந்த பாவாடை எல்லாம் அதனதன் கணக்கில் குறைந்திருந்ததால் எதுவும் கோணலாகத் தெரியவில்லை, பார்ப்பவர்கள்தான் வளர்ந்துவிட்டதுபோல இருந்தது. வாசலில் குனிந்து உள்ளே போனால் போகிறவர் வீட்டுக்குத் தக்கபடி ஆகிவிடுவார், வெளியே வந்தால் பழையபடி ஆகிவிடுவார், இடையில் காது மட்டும் லேசாக அடைத்துத் திறக்கும். இரண்டு நாள் பேசினோம், அப்புறம் பழகிவிட்டது. ராத்திரி வெளியே மறந்து வைத்த துடைப்பம் காலையில் கதவுக்குள் நுழையாது என்பதைப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். கையிலேயே பிடித்துக்கொண்டு நுழைந்தால் அதுவும் சேர்ந்து சிறுக்கும் என்பதையும் கற்றுக்கொண்டார்கள். ஆட்டோ மறுபடி மறுபடி வர வர வீடுகள் இன்னும் இறங்கின, கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் முதல் மாதம் குனிந்தார், அடுத்த மாதம் மண்டியிட்டார், அதற்கடுத்த மாதம் பேண்ட்டை மடித்து விட்டுக்கொண்டு குப்புறப் படுத்து, கட்டணத்தில் மட்டும் ஒரு பைசா குறைக்காமல் எழுதிக்கொண்டு போனார். ஆண்களுக்குக் கிண்டல் கூடிவிட்டது, டீக்கடையில் எழுந்து நின்று சின்ன வீட்டுக்குப் போயிட்டு வரேன் என்று சொல்லிக் கண்ணடிப்பார்கள், அவரவர் பெண்டாட்டி காதில் விழுந்தால் மட்டும் பேச்சு மாறிவிடும்.

கோதண்டம் மேஸ்திரிதான் அந்த நாட்களில் பெரிய மனுஷன். மனையடி சாஸ்திரத்தைத் தலைகீழாகச் சொல்லுவார், பத்தடி என்றால் பாலும் சோறும், ஒன்பது என்றால் கேடு, எட்டு என்றால் ராஜபோகம், ஏழு என்றால் தரித்திரம் என்று அவர் சொல்லச் சொல்ல நாங்கள் அளந்து அளந்து பார்த்துக்கொண்டோம். ஸ்பீக்கர் ஆட்டோ மறுபடி வந்தபோது வீடுகள் ஒன்பதுக்கு இறங்கின, எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டோம். அதற்கடுத்த முறை எட்டுக்கு வந்தபோது, கரை முழுக்கப் புது மனை புகுந்ததுபோல வாசலில் மாவிலை கட்டி வீட்டுக்கு வீடு பால் காய்ச்சினோம். எட்டிலேயே நிற்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டோம். நிற்கவில்லை. ஆறடிக்குக் கீழே போனதும் கோதண்டம் கையை விரித்துவிட்டார், அதற்குக் கீழே சாஸ்திரத்தில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை, அந்த அளவு வீட்டில் இருப்பவர்களுக்கு நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை என்றார்.

வெளியே வந்து நிமிர முடிந்தவர்களுக்கு இதெல்லாம் தாங்கிக்கொள்ளக்கூடிய சங்கடம்தான். நிமிர முடியாத ஒருவர் கரையில் இருந்தார், எத்திராஜ், தேசம்மாளின் புருஷன். அடுக்குமாடி வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு நொறுங்கிப் படுக்கையில் இருந்தவர். தேசம்மாள் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து அவருக்குச் சோறு ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்து, முதுகில் புண் வராமல் பவுடர் போட்டு, அவர் வையும் வசவையும் வாங்கிக்கொண்டு, பதிலுக்குத் தானும் நன்றாகவே வைது குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள். வீடு ஒடுங்க ஒடுங்க அவரும் உள்ளேயே ஒடுங்கினார். இடுப்பளவு உயரத்தில் வீடு இருந்தபோது நாங்கள் நாலு பேர் உள்ளே புகுந்து பாயோடு அவரைத் தூக்கி வெளியே கொண்டுவரப் பார்த்தோம். தலை வாசலைத் தாண்டியதும் தலை வளர்ந்தது, தோள் தாண்டியதும் தோள் வளர்ந்தது, இடுப்பு நிலைப்படிக்கு வந்து அந்தக் கோணலாகச் சேர்ந்த எலும்பு வளரத் தொடங்கியபோது அவர் போட்ட சத்தத்தில் ஏரியில் இருந்த நாரைகள் எழுந்து போய்விட்டன. தேசம்மாள் காதைப் பொத்திக்கொண்டு, உள்ளயே வுட்டுடுங்க, உள்ளயே வுட்டுடுங்க என்று அழுதாள். உள்ளேயே விட்டுவிட்டோம்.

ஆட்டோ சொன்னது ஒதுங்கவும் என்றுதான், ஒடுங்கவும் என்று அல்ல என்பது அப்புறம்தான் தெரிந்தது. கம்பத்தில் ஒட்டியிருந்த நோட்டீசை ஆடு தின்றது போக மிச்சமிருந்த பகுதியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். கரையின் நடுவில் நின்றுகொண்டு, ஏ வீடுங்களா, ஒதுங்கத்தான் சொன்னாங்க, போதும் நில்லுங்க என்று தொண்டை வறளக் கத்திப் பார்த்தோம். எங்கள் பேச்சை எங்கள் வீடே கேட்கவில்லை. கட்டியவன் பேச்சையா கேட்கும், காலமெல்லாம் ஆபீஸ் பேச்சுக்குப் பயந்தே நின்ற வீடுகள் அவை. பிறகு எல்லோரும் சேர்ந்து தாலுகா ஆபீசுக்குப் போனோம். சார், இப்போ முறம் அளவுதான் இருக்குது, இதுக்கு மேல இன்னா சார் வேணும் என்று தேசம்மாள் கேட்டாள். அங்கிருந்த அதிகாரி எங்களை உட்காரச் சொன்னார், தண்ணீர்கூடக் கொடுத்தார், நிதானமாகப் பதில் சொன்னார்.

"அளவு ஒரு பிரச்சினையே இல்லம்மா. நீங்க எவ்வளவு சின்னதா வேணா கட்டிக்கலாம். எங்க வைக்கிறீங்க, அதுதான் பிரச்சினை."

திரும்பி வருவதற்குள் வீடுகள் இன்னும் ஒரு சுற்று சிறுத்திருந்தன, தாம்பாளத்தில் வைக்கலாம்போல இருந்தன.

மற்றவர்கள் ஒவ்வொருவராக மனம் தளர்ந்துபோனார்கள். பட்டணத்துக்கு வெளியே, பஸ் திரும்புகிற இடத்துக்கும் அப்பால், மாடி மாடியாகக் கட்டிய குடியிருப்பில் ஆளுக்கொரு வீடு தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள், வேலைக்கு எப்படி வருவது என்று கேட்டுக் கேட்டுத் தட்டிக் கழித்தவர்கள் இப்போது சரி என்று தலையாட்டினார்கள். சம்பங்கியின் வீட்டைக் கோழி கொத்தித் தின்றுவிட்டது, நல்லவேளை உள்ளே யாரும் இல்லை, அவருடைய சொந்தக் கோழி வேறு, யாரைக் கேட்பது. கோதண்டம் தன் வீட்டைப் பெருங்காய டப்பாவில் போட்டு மூடிவைத்தார், அப்புறம் டப்பாவில் பெருங்காய வாசனை மட்டும்தான் இருந்தது. ஆனால் போவதற்கு முன் அவர் தேசம்மாளிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். வீடு ஆபீஸ்காரன் சொன்னால் கேட்கிறது, சொத்துக்காரன் சொன்னால் கேட்கிறது, அப்படிச் சொல்லத் தகுதியுள்ள யாராவது ஒருத்தன் வை என்றோ இரு என்றோ ஒரே ஒரு வார்த்தை சொன்னால் அதே இடத்தில் வேர் விட்டு நின்றுவிடும், அப்புறம் எவனும் அசைக்க முடியாது என்றார். அதை நம்புவதைத் தவிர அவளுக்கு வேறு வழி இல்லை.

தேசம்மாள் கடப்பாரையால் வீட்டைச் சுற்றிக் கெல்லி, அடிமண்ணோடு எடுத்து, பித்தளைத் தாம்பாளத்தில் வைத்துத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள். வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடிந்தவளுக்கு உலகத்தில் இடமா கிடைக்காது என்று எங்களுக்குக்கூட ஒரு நிமிஷம் தோன்றியது. பசி நேரத்துக்குத் தாம்பாளத்தை மரத்தடியில் வைத்து, நிலைப்படியை நெற்றியால் தொட்டால் போதும், உள்ளே போய்விடுவாள், அவருக்கு ஊட்டிவிட்டு வருவாள். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் இதற்கு லக்கேஜ் போட வேண்டும் என்றார், உள்ளே இருமல் சத்தம் கேட்டதும் லக்கேஜை ரத்து செய்துவிட்டு ஆளுக்கு டிக்கெட் போட்டார்.

கோயில் மதிலோரம் வைத்தாள், கோயில் இடத்தில் வைக்கக் கூடாது என்றார்கள். ரயில்வே லைன் ஓரம் வைத்தாள், அது சென்ட்ரல் கவர்மென்ட் என்றார்கள். வாய்க்கால் ஓரம், சுடுகாட்டு ஓரம், பூங்காவில் பெஞ்சுக்கு அடியில், வேலை செய்யும் வீட்டில் ஏசி மெஷின் வெளியே தொங்கும் கம்பியின் மேல், எங்கே வைத்தாலும் யாரோ ஒருவருக்கு அது சொந்தமாக இருந்தது. அந்த வீட்டம்மா நல்லவள்தான், தேசம்மாளுக்குப் பழைய புடவை கொடுப்பவள், அவளே தயங்கித் தயங்கி, இன்னிக்குக் கம்பி மேல இருக்கும், நாளைக்குப் பட்டா கேப்பீங்க, எங்க வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டார் என்றாள். ஒவ்வொரு முறை கூடாது என்ற சொல் விழும்போதும் வீடு தாம்பாளத்திலேயே கொஞ்சம் குன்றியது. தாம்பாளம் தேவையில்லாமல் போய்க் கிண்ணம் போதும் என்றாயிற்று, கிண்ணம் போய் உள்ளங்கை என்றாயிற்று.

எத்திராஜுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அன்று அவர் வையவில்லை.

"கேக்காத தேசம். நீ கேக்கக் கேக்கத்தான் இது சின்னதாவுது."

"கேக்காம எவன்யா குடுப்பான்?"

மறுநாளும் அவள் கேட்கத்தான் புறப்பட்டாள்.

கடைசியாக அவள் போனது மலையடிவாரத்தில் ஒரு தோட்டத்துக்கு. பணக்காரர்கள் சனி ஞாயிறுகளில் வந்து எளிமையாக இருந்து பார்க்கிற இடம் அது, சக்கரத்தின் மேல் பலகையால் கட்டிய குட்டிக் குட்டி வீடுகள், ஒவ்வொன்றும் எங்கள் பழைய வீட்டில் பாதிகூட இல்லை, உள்ளே படுக்கை மடித்தால் மேசை, மேசை மடித்தால் சுவர். வாசல் பலகையில் முதலில் சின்ன வீடுகள் என்று தமிழில்தான் எழுதியிருந்தார்களாம், போகிற வருகிற லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துச் சிரித்ததால் டைனி ஹோம்ஸ் என்று மாற்றி எழுதினார்களாம். அங்கே சின்ன வீடு வைக்க அனுமதி உண்டு என்று கேள்விப்பட்டுத்தான் போனாள். மேனேஜர் பையன் முட்டிபோட்டு உட்கார்ந்து, உள்ளங்கையில் இருந்த வீட்டைப் பார்த்து, எவ்வளவு அழகு, எவ்வளவு அழகு என்று போட்டோ எடுத்தான். அவன் சந்தோஷத்தைப் பார்த்துத் தேசம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு அவன் மேலிடத்துக்குப் போன் பேசிவிட்டு வந்து, இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் குறைந்தபட்ச அளவு என்று ஒன்று இருக்கிறது, அதற்குக் கீழே இருந்தால் வீடு என்று சொல்ல முடியாது, பொம்மையாக வேண்டுமானால் புல்தரையில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் பொம்மைக்குள் ஆள் இருக்கக் கூடாது என்றான். அவள் நிலைப்படியை நெற்றியால் தொட்டு உள்ளே போய்விட வேண்டும் என்று அவசரமாகக் குனிந்தாள். அதற்குள் கூடாது என்ற சொல் போய்ச் சேர்ந்துவிட்டது. வீடு மிளகளவு ஆகிவிட்டது, நிலைப்படி எது என்று நெற்றிக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் உள்ளே போகவே இல்லை. வீட்டை வலது கை முஷ்டிக்குள் வைத்து மூடிக்கொண்டாள், இடது கையால் சாப்பிட்டாள், இடது கையால் பாத்திரம் தேய்த்தாள், துடைப்பக் குச்சியின் நுனியால் கஞ்சியைத் தொட்டு ஓட்டின் மேல் வைத்தாள், முஷ்டியைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டால் எத்திராஜ் பேசுவது கேட்கும் என்றாள். முதுகில் புண் வந்திருக்கும் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நாங்கள் கூட உட்கார்ந்து அழுதோம், எங்களால் ஆனது அதுதான்.

பிறகு மாடி வீடு ஒதுக்குவதற்கான முகாம் போட்டார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, வாடகைக்கு எடுத்த மடக்கு மேசைகள். தேசம்மாளும் வரிசையில் நின்றாள், மாடி வீடு கிடைத்தால் அது அவளுடைய சொந்த இடம், அங்கே வை என்று அவளே சொல்லலாம் அல்லவா என்று கணக்குப் போட்டிருந்தாள். அவளுக்கு மிச்சமிருந்த ஒரே கணக்கு. முறை வந்தது. மெஷினில் பத்து விரலும் வைக்க வேண்டும் என்றார்கள். இடது கையை வைத்தாள். அந்தக் கையையும் திறம்மா என்றார்கள். திறக்க மாட்டேன் என்று சொன்னால் வீடு கிடையாது, திறந்தால் காற்றில் போய்விடும்.

"சார், இத ஒரு நிமிசம் எங்கியாவது வச்சிட்டு வரேன் சார்."

அதிகாரி கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பின்னால் வரிசை நீளமாக இருந்தது.

"ஓரமா வைம்மா."

அவள் முஷ்டியை மேசையின் விளிம்பில் கவிழ்த்து விரலைப் பிரித்தாள். அம்மியைத் தரையில் இறக்கி வைத்தால் வருமே, அப்படி ஒரு சத்தம் வந்தது, அத்தனை சின்னதிலிருந்து அத்தனை கனமான சத்தம், நாங்கள் எல்லோரும் கேட்டோம். அவள் விரலை மெஷினில் வைக்காமலே குனிந்து மேசையில் காதை வைத்தாள். அவள் முகத்தில் அன்று வந்த சிரிப்பை நாங்கள் எட்டடியில் பால் காய்ச்சிய நாளுக்குப் பிறகு பார்த்ததில்லை. எத்திராஜ் என்ன சொன்னார் என்று எங்களுக்கும் சொன்னாள்.

"நின்னுடுச்சாம். பால் காச்சு தேசம்னு சொல்றாரு."

கையெழுத்துப் போட்டு, விரல் வைத்து, சாவி வாங்கிக்கொண்டு, வீட்டை எடுக்கப் போனாள். வரவில்லை. நகத்தால் நெம்பினாள், ஊசியால் நெம்பினாள், எத்திராஜ் உள்ளே கத்துவது கேட்டதும் விட்டுவிட்டாள். கோதண்டம் சொன்னது அப்படியே பலித்திருந்தது, வேர் விட்டு நின்றுவிட்டது, எவனாலும் அசைக்க முடியாது. சாயங்காலம் முகாம் முடிந்ததும் பந்தல்கடை ஆட்கள் வந்து மேசைகளை மடக்கத் தொடங்கினார்கள், அன்றைக்கே ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போக வேண்டிய மேசைகள் அவை. இந்த மேசையை மட்டும் விட்டுடுங்க என்று காலில் விழுந்தாள். அதிகாரியிடம் ஓடினாள், மேசை எங்களுது இல்லம்மா, வாடகை என்றார். லாரியின் பின்னால் ஓடினாள். பந்தல்கடைக் கொட்டகைக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது, அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரியான மேசைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன, எல்லா மேசையின் ஓரத்திலும் காய்ந்த சாம்பாரும் மெழுகும் பசையும் புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொண்டிருந்தன.

மாடி வீடு பூட்டித்தான் கிடக்கிறது. கோதண்டம் ஒருநாள் போய் வெளிச்சுவரை அளந்து பார்த்துவிட்டு வந்தார், பத்தடி, பாலும் சோறும் என்றார், சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேசம்மாள் பந்தல்கடையிலேயே மேசை துடைக்கிற வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், வேறு யாரும் துடைத்துவிடக் கூடாது என்பதற்காக. நடுவை மட்டும் துடைப்பாள், ஓரத்தைத் துடைக்க மாட்டாள், முதலாளி தினமும் திட்டுகிறார். கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று மேசைகள் போகிற இடமெல்லாம் கூடப் போகிறாள், பந்தி தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு மேசையின் நாலு ஓரத்திலும் காதை வைத்துப் பார்க்கிறாள், நாதஸ்வரமும் மைக்செட்டும் அலறுகிற இடத்தில் என்ன கேட்கும், இருந்தாலும் வைத்துப் பார்க்கிறாள்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் நாங்களே பார்த்தோம். பேப்பர் ரோல் விரித்த மேசையில் ஆட்கள் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார்கள், தேசம்மாள் ஒவ்வொருவரிடமும் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"கொஞ்சம் ஒடுங்கி உக்காருங்க. ஓரத்துல ஆள் இருக்காரு."

கல்யாண வீடு என்பதால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்துக்கொண்டே முழங்கையை எடுத்துக்கொண்டார்கள். அவள் அந்த இடத்தில் ஒரு சொட்டுப் பால் பாயசத்தை வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனாள்.